இயேசுவின் தாத்தா பெயர் என்ன, டீச்சர்?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 43 வயது. மெஞ்ஞானபுரம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) பதினாறு வருஷமாக சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். பி.ஏ. வரலாறு, தபாலில் முடித்தது. ஆங்கிலம் கேட்டால் பாதிதான் புரியும், படித்தால் புரியும். வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், மத்தேயுல இயேசுவோட தாத்தா பேரு யாக்கோபு, லூக்காவுல ஏலின்னு இருக்கு. எது சரி?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. இந்த நேரத்தில் ஆன்லைன் இறையியல் படிப்பு ஒன்றின் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு வருஷம், 120 வீடியோ. முடித்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பி.டிஎச். (இறையியல் இளங்கலை) பட்டம், அப்போஸ்டிலும் செய்து தருகிறார்கள். கட்டணம் 60,000 ரூபாய், இந்த வாரம் மட்டும் 24,000. சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர், "யூடியூப்ல சும்மா கிடைக்கிறதுக்கு யாராவது காசு கொடுப்பாங்களா?" என்கிறார். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தையும் கூட அனுப்பிய விளம்பரத்தையும் படித்தேன். அதில் இருந்த இலவச மாதிரிப் பாடத்தையும் முழுக்கப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த 24,000 ரூபாயைக் கட்டாதீர்கள். சீட்டுப் பணத்தை மொத்தமாகப் பூட்டி வைக்கவும் சொல்லமாட்டேன். அதில் ஒரு சின்னப் பங்கைப் படிப்புக்கே செலவழிக்கச் சொல்லப்போகிறேன், வேறு இடத்தில்.

பட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அதுதானே. நம் நாட்டில் யார் பட்டம் கொடுக்கலாம் என்பதை 1956-ம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22-ம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் கொடுக்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கொடுக்கலாம். நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனம் கொடுக்கலாம். அவ்வளவுதான். விளம்பரத்தில் "அரசுப் பதிவு பெற்றது", "ஐ.எஸ்.ஓ. தரச் சான்று பெற்றது" என்று இரண்டு முத்திரைகள் போட்டிருக்கிறார்கள். ஒரு டிரஸ்ட்டையோ சொசைட்டியையோ பதிவு செய்வது நாலு பேரும் ஒரு வக்கீலும் இருந்தால் முடிகிற வேலை. எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் அரசுப் பதிவு இருக்கிறது. அவர் பட்டத்துக்கு நகல் எடுப்பாரே தவிர, பட்டம் கொடுப்பதில்லை. யு.ஜி.சி. தன் இணையதளத்தில் வெளியிடுகிற போலிப் பல்கலைக்கழகப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆந்திராவின் கீழே வேதாகமப் பெயரையும் கிறிஸ்துவின் பெயரையும் தாங்கிய நிறுவனங்களே இருக்கும். நம் மக்கள் பெயரைப் பார்த்தே நம்பிவிடுவார்கள் என்று தெரிந்துதான் அந்தப் பெயரை வைக்கிறார்கள்.

"இது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஆயிற்றே" என்பீர்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில், மதப் பட்டம் மட்டும் கொடுக்கும் நிறுவனம் கல்வித் துறையிடம் உரிமம் வாங்க வேண்டாம் என்று சட்டமே விலக்கு தருகிறது. அங்கே அது மத சுதந்திரத்துக்காக வைத்த ஏற்பாடு. அந்த விலக்கை வைத்துக்கொண்டு நல்ல வேதாகமக் கல்லூரி நடத்துகிறவர்களும் உண்டு, ஒரு வாடகை முகவரியில் இருந்துகொண்டு மெஞ்ஞானபுரம் வரைக்கும் பட்டம் விற்கிறவர்களும் உண்டு. அமெரிக்கா, கனடா இறையியல் கல்லூரிகளைச் சோதித்து அங்கீகரிப்பது அசோசியேஷன் ஆஃப் தியாலஜிக்கல் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு. ஆசியாவில் சுவிசேஷக் கல்லூரிகள் பலவற்றுக்கு 1970-ல் தொடங்கிய ஏஷியா தியாலஜிக்கல் அசோசியேஷன் அதைச் செய்கிறது. இரண்டும் தங்கள் உறுப்புக் கல்லூரிகளின் பட்டியலை வெளிப்படையாக வைத்திருக்கின்றன. உங்கள் விளம்பரத்துப் பெயர் அவற்றில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை இல்லை.

அப்போஸ்டில் என்ற சொல்லில் "அப்போஸ்தலர்" மாதிரி ஒரு வாசனை அடிப்பதால் நம் ஆட்கள் கொஞ்சம் மயங்கிவிடுகிறார்கள். ஒரு ஆவணத்தில் இருக்கிற கையெழுத்தும் முத்திரையும் நிஜம்தான் என்று ஒரு அரசு இன்னொரு நாட்டு அரசுக்குச் சொல்கிற சான்று அது. உள்ளே எழுதியிருக்கிற படிப்பு தரமானதா என்பதைப் பற்றி அது மூச்சுகூட விடாது.

இறையியலில் பட்டம்தான் வேண்டும் என்றால் அதற்கு நம் ஊரில் பழைய, நேரான வழி ஒன்று இருக்கிறது. வில்லியம் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818-ல் வங்காளத்துச் செராம்பூரில் தொடங்கிய கல்லூரிக்கு, 1827-ல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் பட்டம் கொடுக்கும் உரிமையைப் பட்டயமாக எழுதிக் கொடுத்தார். செராம்பூர் அப்போது டேனிஷ்காரர் கையில் இருந்த ஊர், நம் தரங்கம்பாடி மாதிரியே. 1845-ல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1918-ல் வங்கச் சட்டம் ஒன்று அந்த உரிமையை உறுதிப்படுத்தியது. மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்துக் குருகுல், பெங்களூரு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் எல்லாம் பட்டம் கொடுக்கும் குழுவான செராம்பூர் செனட்டின் கீழ் வருகிறவைதான். நம் சி.எஸ்.ஐ. ஆயர்களில் பெரும்பாலோர் அந்த வழியாக வந்தவர்கள். குருவாக வேண்டும் என்றால் திருமண்டலம் தேர்வு செய்து அனுப்ப வேண்டும். வீட்டில் இருந்து வாங்குகிற எந்தப் பட்டத்துக்கும் அந்தக் கதவு திறக்காது.

உங்களுக்கு ஆயராகும் எண்ணம் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. அப்படியானால் அந்த பி.டிஎச். உங்கள் பெயருக்குப் பின்னால் நின்று என்ன செய்யும்? சம்பளம் தராது. அசன பண்டிகை நோட்டீஸில் பெயரோடு அச்சாகும். அடுத்த வருஷம் அதே ஆட்கள் எம்.டிஎச்., அதற்கடுத்த வருஷம் "கௌரவ டாக்டர்" என்று வருவார்கள். அந்த வரிசையில் நின்று கோட்டும் தொப்பியும் போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே ஆறு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வாங்கிய கடனை இன்னும் அடைக்கவில்லை.

பட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் பாடத்துக்கு வருவோம். இங்கேதான் நான் உங்கள் வீட்டுக்காரரோடு பாதிவரை வந்து நின்றுவிடுகிறேன். 120 வீடியோ, ஒவ்வொன்றும் இருபது நிமிஷம் என்று போட்டிருக்கிறார்கள். மொத்தம் 40 மணி நேரம். மணிக்கு 600 ரூபாய். பிளஸ் டூ டியூஷன் கட்டுகிற ஊரில் அது ஒன்றும் கொள்ளை இல்லை. நல்ல பாடத்துக்குக் காசு கொடுப்பதில் எனக்கு எந்தத் தடையும் கிடையாது, வாழ்நாள் முழுக்க அந்தக் காசில்தான் சாப்பிட்டேன். நான் தேடிப் பார்த்தது வேறு ஒன்றை: நீங்கள் எழுதுவதை யார் படிப்பார்கள்? விளம்பரத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. மாதம் ஒரு தேர்வு, 50 கேள்வி, நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும், மதிப்பெண் உடனே வந்துவிடும். சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழு. அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் நீங்கள் சொந்தமாக ஒரு பத்தி எழுத வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை.

இது ஏன் பெரிய குறை என்று ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன். நான் ஆசிரியராக இருந்த காலத்தில், வெளியூர்ச் சபைகளுக்குப் போய் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுப்பேன். லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிற ஒருவர் நல்ல சமாரியன் உவமையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தார். சத்திரக்காரன் என்றால் சபைப் போதகர், இரண்டு பணம் என்றால் ஞானஸ்நானமும் திருவிருந்தும் என்று பிரமாதமாக எழுதியிருந்தார். ஏதோ கன்வென்ஷனில் கேட்டிருக்கிறார். இப்படி வாசிக்கிற பழக்கம் பழசு, அகஸ்டினே சத்திரக்காரனைப் பவுலாகப் பார்த்தவர். நான் தப்பு என்று எழுதவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "இயேசு இந்தக் கதையை எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னார்?" அடுத்த வாரம் வந்தார், முகம் வேறு மாதிரி இருந்தது. "எனக்குப் பிறன் யார்னு அந்த நியாயசாஸ்திரி கேட்டதுக்குல்ல ஐயா சொல்லியிருக்கார், நான் பிறனை விட்டுட்டு சத்திரக்காரனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அன்றைக்கு அவர் படித்ததை 120 வீடியோவும் சொல்லித்தராது. அவர் எழுதினார், ஒருவர் வாசித்தார், ஒரு கேள்வி கேட்டார், அவரே திரும்பப் போய் லூக்கா பத்தாம் அதிகாரத்தைத் திறந்தார். நீங்கள் காசு கொடுக்க வேண்டியது அந்தச் சிவப்பு மைக்கு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், உபதேசம் மட்டும் பண்ணினால் நியாயம் இல்லை. ஓய்வு பெற்ற வருஷம், மறந்துபோன எபிரெயத்தைத் திரும்பப் பிடிக்கலாம் என்று ஒரு வெளிநாட்டு ஆன்லைன் வகுப்பை டாலரில் வாங்கினேன். நாற்பது பாடம். நல்ல பாடம்தான், குறை சொல்ல முடியாது. ஒன்பதாவது பாடத்தோடு நின்றேன். பிறகு பழைய மாணவர்கள் மூன்று பேர் வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். யோனாவில் மொத்தம் 48 வசனம். ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எபிரெயத்தில் வாசித்து முடித்தோம். வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பார், அந்தப் பயத்திலேயே படித்துவிட்டு உட்காருவேன். டாலர் கொடுத்தும் வராத ஒழுங்கு சுக்குக் காப்பிக்கு வந்தது.

இனி அந்த மாதிரிப் பாடம். ஒரு படிப்பின் தரத்தைப் பார்க்க அதன் இலவசப் பாடத்தை எப்படிச் சோதிப்பது என்று நீங்கள் தெரிந்துகொண்டால், அடுத்த விளம்பரத்துக்கு எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. தலைப்பு "அகாபே அன்பு". ஆசிரியர் நன்றாகப் பேசுகிறார், குரல் வளம் இருக்கிறது. "மூல பாஷையில் அன்புக்கு வெவ்வேறு சொற்கள் உண்டு. அகாபே என்பது தேவனுடைய நிபந்தனையற்ற அன்பு. ஃபிலியோ என்பது வெறும் மனுஷ நட்பு" என்கிறார். பிறகு யோவான் 21-ல் ஆண்டவர் பேதுருவிடம் அகாபே கேட்டார், பேதுருவால் ஃபிலியோதான் கொடுக்க முடிந்தது என்று கண்ணில் நீர் வரப் பேசுகிறார். இதை நீங்களும் எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள்.

இப்போது உங்கள் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் 2 தீமோத்தேயு 4:10-ஐத் திறங்கள். தேமா "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" பவுலை விட்டுவிட்டுப் போனான் என்று இருக்கிறது. அந்த "ஆசைவைத்து" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது இதே அகாபேயின் வினைச்சொல். தேமா உலகத்தின்மேல் வைத்தது தேவ அன்பா? இன்னும் ஒன்று. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்துவைத்த கிரேக்கப் பழைய ஏற்பாட்டில், 2 சாமுவேல் 13-ல் அம்னோன் தன் தங்கை தாமார்மேல் கொண்ட இச்சைக்கும் இதே சொல்தான். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: யோவான் 3:35-ல் பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்பதற்கு அகாபேயின் வினை, 5:20-ல் அதே பிதா அதே குமாரனிடம் கொண்ட அன்புக்கு ஃபிலியோ. பிதாவின் அன்பு இரண்டு அதிகாரத்துக்குள் வெறும் மனுஷ நட்பாக இறங்கிவிட்டதா? ஒரு சொல்லுக்குள் ஒரு உபதேசத்தையே அடைத்து வைக்க முடியாது, வாக்கியம்தான் அர்த்தத்தைத் தரும். கல்லூரியில் கிரேக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தருகிற பாடம் இது. யோவான் 21 பற்றி அறிஞர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு என்றாவது அந்த ஆசிரியர் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். காட்சிக்கு வைத்த பாடமே இப்படி இருந்தால் உள்ளே இருக்கும் 119-ஐ நான் நம்பத் தயாரில்லை.

இதைச் சரிபார்க்க நான் கிரேக்கப் பண்டிதனாக இருக்க வேண்டியதில்லை, நீங்களும் வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜில் இருக்கிற டிண்டேல் ஹவுஸ் ஆய்வகத்தார் ஸ்டெப் பைபிள் என்று ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறார்கள். வசனத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் அடியில் இருக்கும் கிரேக்கச் சொல்லும், அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்பதும் வரும். ஒரு மத்தியானம் உட்கார்ந்து இதே அகாபேயைத் தேடிப் பாருங்கள்.

எந்தப் படிப்பு விற்கிறவரிடமும் கேட்கலாம் என்று நான் வைத்திருக்கிற இன்னொரு கேள்வி 1 யோவான் 5:7. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்கிற வரி நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, புதிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் மூலப்பகுதியில் இல்லை. எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இல்லை, 1522 பதிப்பில் சேர்த்தார். ஏன் என்று கேளுங்கள். "கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது, அதில் வரும்" என்று பதில் வந்தால் நல்லது. "வேதத்தைக் கேள்வி கேட்கிற ஆவி உங்களுக்குள் வந்திருக்கிறது" என்று வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

எந்தப் பாடமும் ஒரு சபையின் கண்ணாடி வழியாகத்தான் வரும், அதில் தப்பில்லை. எந்தக் கண்ணாடி என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்கள் விளம்பரத்தில் விசுவாசப் பிரமாணம் எதுவும் காணோம், ஆனால் பாடத்தலைப்புகளைப் பார்த்தால் புரிகிறது. குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று ஒரு பாடம் முழுக்க வருகிறது. நீங்கள் சி.எஸ்.ஐ. சேகரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். இரண்டு பக்கத்து வாதத்தையும் படித்து நீங்களே ஒரு முடிவுக்கு வருவது வேறு, காசு கட்டி ஒரு பக்கத்தை மட்டும் விழுங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய் நிற்பது வேறு. அப்புறம் கடைசிக்காலத்துக்கு மட்டும் 30 வீடியோ! ஏழு யுகங்கள், இரகசிய வருகை, பெரிய வரைபடம். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் டார்பி வகுத்து, 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் வழியாக உலகமெங்கும் பரவிய ஒரு விளக்கமுறை. நம்புகிறவர்கள் நம்பட்டும். அதுதான் வேதாகமமே என்று நாலில் ஒரு பங்கு நேரத்தைக் கொடுத்துவிட்டு, தீர்க்கதரிசிகள் அத்தனை பேருக்கும் நாலே வீடியோ ஒதுக்கியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, என்ன செய்யலாம்?

1960-களில் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் செமினரி ஒன்றில் உங்கள் பிரச்சினையே வந்தது. சபைகளை நிஜமாக நடத்துகிறவர்கள் குடும்பமும் தொழிலும் உள்ளவர்கள், பட்டணத்துச் செமினரிக்கு வந்து தங்க முடியவில்லை. அப்படியானால் செமினரி அவர்களிடம் போகட்டும் என்று 1963-ல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். தினமும் வீட்டில் கொஞ்சம் பாடப் புத்தகம், வாரம் ஒருமுறை பக்கத்து ஊரில் கூடி ஆசிரியரோடு கலந்துரையாடல். அந்த முறையை நம் நாட்டில் நடத்த 1971-ல் பெங்களூரில் தொடங்கியதுதான் டாஃப்டி (TAFTEE) என்ற அமைப்பு. தமிழிலும் பாடங்கள் உண்டு. உங்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் வட்டாரத்தில் குழு நடக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்று அவர்கள் அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். குழு இல்லையென்றால் உங்கள் சேகர குருவிடம் பேசி, சண்டே ஸ்கூல் ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்றைத் தொடங்க முடியுமா பாருங்கள். தனியாகச் சேர்வதைவிட அது நல்லது என்பேன்.

கையில் ஒரு சான்றிதழும் இருக்க வேண்டும் என்று மனசு கேட்டால், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. செராம்பூர் செனட் பொதுமக்களுக்காக வெளிநிலைத் தேர்வு வழியில் கிறிஸ்தவ இயல் டிப்ளமோவும் பட்டமும் நடத்துகிறது. உங்கள் பி.ஏ.வுக்கு எதில் சேரலாம் என்று கேட்டு எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் துறையே இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற சும்மா கிடைக்கிற சங்கதியும் உண்டு, அவர் நினைப்பதைவிட நல்லதாகவே உண்டு. பைபிள் ப்ராஜெக்ட் காரர்கள் ஒவ்வொரு புத்தகத்தின் அமைப்பையும் சில நிமிஷப் படமாக வரைந்து காட்டுகிறார்கள். யேல் பல்கலைக்கழகம் கிறிஸ்டின் ஹேஸின் பழைய ஏற்பாட்டு வகுப்பு 24-ஐயும், டேல் மார்ட்டினின் புதிய ஏற்பாட்டு வகுப்பு 26-ஐயும் முழுசாக இலவசமாக வைத்திருக்கிறது. கேட்டால் பாதிதான் புரியும், படித்தால் புரியும் என்று உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வகுப்புகளுக்கு எழுத்து வடிவமும் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். ஒன்று சொல்ல வேண்டும்: அது பக்திப் பாடம் இல்லை, பல்கலைக்கழகப் பாடம். ஐந்தாகமத்தை மோசேதான் எழுதினாரா என்ற கேள்வியெல்லாம் எடுத்த எடுப்பிலேயே வரும். தனியாகப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் கெட்டால் என்னைத் திட்டக்கூடாது. இதற்கும் அந்தக் குழு வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: இரண்டு மாதம் ஒரு பைசாவும் கட்டாமல், வாரம் மூன்று நாள், தையல் மிஷினை மூடின பிறகு முக்கால் மணி நேரம். அது தொடர்ந்து நடந்தால் டாஃப்டிக்குப் பணம் கட்டுங்கள். நடக்கவில்லை என்றால் 24,000 கட்டியிருந்தாலும் நடந்திருக்காது. கூடவே சென்னைக்கு யாராவது போனால் பார்க் டவுனில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் (சி.எல்.எஸ்.) கடைக்கு அனுப்பி, தமிழில் நல்ல வேதாகம அகராதி ஒன்றும் மத்தேயு விளக்கவுரை ஒன்றும் வாங்கிவரச் சொல்லுங்கள். "இந்த வாரம் மட்டும்" என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பத்து நாள் கழித்து அதே எண்ணுக்கு ஒரு ஹலோ போடுங்கள், அதே 24,000-க்கு "உங்களுக்காக விசேஷமாக" கொடுப்பார்கள்.

அந்தப் பையனுக்கு இன்னும் பதில் போகவில்லையே. வருகிற ஞாயிறு அவனுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். மத்தேயு 1-ல் இருக்கும் பெயர்களை ஒரு பக்கமும் லூக்கா 3-ல் இருப்பதை எதிர்ப்பக்கமும் எழுதச் சொல்லுங்கள். தாவீதுக்குப் பிறகு ஒன்று சாலொமோன் வழியாகவும் மற்றது நாத்தான் வழியாகவும் பிரிவதை அவனே பிடித்துவிடுவான். மத்தேயு ஆபிரகாமில் தொடங்கிப் பதினாலு பதினாலாக அடுக்குவதையும் எண்ணட்டும். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று ராஜாக்களைக் காணோம், 1 நாளாகமம் 3-ஐக் கொடுத்தால் கண்டுபிடிப்பான். கணக்குச் சரியாக வர மத்தேயு ஆளையே விட்டிருக்கிறார் என்றால் அவர் எழுதியது தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்றிதழ் இல்லை, தாவீதின் ராஜ வம்சத்துக்கு ஒரு பட்டியல். லூக்கா தன் பட்டியலை இயேசுவின் ஞானஸ்நானத்துக்கு அடுத்து வைத்து, ஆதாம் வரைக்கும், தேவன் வரைக்கும் கொண்டுபோகிறார்.

யாக்கோபா ஏலியா என்று அவன் விடாமல் நின்றால், மூன்றாம் நூற்றாண்டில் ஜூலியஸ் ஆப்பிரிக்கானஸ் சொன்ன விளக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளை இல்லாமல் செத்தவனின் மனைவியைச் சகோதரன் மணந்து அவன் பெயரை நிலைக்கவைக்கிற உபாகமம் 25-ன் முறைப்படி, யோசேப்புக்குப் பெற்றவர் ஒருவர், சட்டப்படி தகப்பன் இன்னொருவர் என்றார் அவர். லூக்காவில் இருப்பது மரியாள் வழி என்கிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் வசனத்தில் நேரான ஆதாரம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு அவனிடமே, "உனக்கு எது சரியாப் படுது, ஏன்?" என்று கேட்டு நாலு வரி எழுதி வாங்குங்கள். சிவப்புப் பேனா கையில் இருக்கட்டும்.